மோனேயின் குளத்தில் கவனிக்க வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரெஞ்சு ஓவியர் க்ளோத் மோனேயின் அல்லிக்குளத்தைப் பார்த்து வரையும் மாணவர்கள் பலர் பூவையும் பாலத்தையும் மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். மோனே பாடுபட்டதோ நீருக்காக. பிரான்சின் ஜிவெர்னியில் 1883இல் குடியேறிய அவர், 1893இல் ரயில் பாதைக்கு அப்பால் நிலம் வாங்கி, எப்த் ஆற்றின் கிளை ஓடையிலிருந்து நீரைத் திருப்பிக் குளம் அமைத்தார். அல்லிகளைச் சுத்தம் செய்யவே தனியாக ஒரு தோட்டக்காரர் இருந்தார். தூசியும் பாசியும் படர்ந்தால் நீரில் வானம் தெரியாதே!

படம் கெடுவதும் நீரில்தான். இலைகளை எல்லாம் ஒரே அளவு வட்டமாகப் போட்டால், குளம் சுவர்போல நிமிர்ந்துவிடும். அருகிலுள்ள இலை அகன்ற நீள்வட்டம். தள்ளிப் போகப் போக அது ஒடுங்கி, கடைசியில் வெறும் கோடாக வேண்டும். முதலில் மரங்களின் பிம்பத்தை மேலிருந்து கீழாக இழுங்கள். அது சற்றுக் காய்ந்த பிறகு இலைகளைக் குறுக்காக வையுங்கள். ஈரத்தில் வைத்தால் இரண்டும் குழம்பிவிடும். இருண்ட மரத்தின் பிம்பம் மரத்தைவிடச் சற்று வெளுத்தும், வெளிச்சமான வானத்தின் பிம்பம் சற்று மங்கியும் இருக்கட்டும். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், நீர் செத்துவிடும். கோபால்ட் நீல வண்ணத்தில் கொஞ்சம் மேடர் என்னும் ஆழ்சிவப்பு வண்ணம் போதும். வெளிச்சம் மாறினால், வரைந்ததைத் திருத்தாமல் வேறு கான்வாஸை எடுங்கள். மோனே செய்ததும் அதுதான்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர்