ஸ்டார் வந்தா வரட்டும் மச்சான்

டேய் மச்சான்,

எப்படி இருக்க? பதில் எழுத லேட்டாயிடுச்சு, மியூசியம் ஸ்டோர்ல இருந்ததையெல்லாம் புது ரேக்குக்கு மாத்தற வேலை, ஒவ்வொரு பொருளையும் ரெஜிஸ்டரோட ஒத்துப் பாத்து வைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. உன் முதுகு வலி தேவலையா? இனிமேலாவது கல் சிலைய நகத்தறப்ப முன்னாடி போய் நிக்காத, அதான் பசங்க இருக்காங்கல்ல.

இங்க டீ டைம்ல புதுசா ஒரு விளையாட்டு ஓடுது. சினிமாக்காரங்கள மியூசியத்துல வேலைக்கு எடுத்தா யாருக்கு எந்த போஸ்ட்டுன்னு. ரஜினி செக்யூரிட்டின்னு எல்லாரும் ஒரே குரல்ல சொல்லிட்டாங்க, அவர் ஒரு பார்வை பாத்தா ஒருத்தனாவது கயித்த தாண்டி கைய நீட்டுவானா? ஆடியோ கைடுக்கு மியூசிக் ரஹ்மான். ஸ்கூல் பசங்க கூட்டமா வந்தா வடிவேலுகிட்ட ஒப்படைச்சிடலாம். லேபிள் எழுத கமல்னு நான் சொன்னேன், உடனே ரெஜிஸ்டர் பாக்கற அக்கா "அப்புறம் அந்த லேபிளுக்கு விளக்கம் சொல்ல பக்கத்துல இன்னொரு லேபிள் வைக்கணும்"னாங்க, சிரிச்சு முடிக்கறதுக்குள்ள டீ ஆறிப்போச்சு.

பேச்சு அப்படியே ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோ டிரஸ்ஸுக்குப் போச்சு. 1962ல அமெரிக்க ஜனாதிபதி கென்னடி பிறந்தநாள் விழாவுல பாடினப்ப போட்டிருந்தாங்களே அது. 2016ல விநோதப் பொருள் மியூசியம் நடத்தற ரிப்ளிஸ் கம்பெனி 48 லட்சம் டாலருக்கு ஏலத்துல எடுத்து வச்சிருந்தாங்க, 2022 மெட் காலாவுக்கு, அதான் நியூயார்க் மெட் மியூசியத்துல வருஷா வருஷம் நடக்கற பெரிய பார்ட்டி, அமெரிக்க டிவி ஸ்டார் கிம் கர்தாஷியன் அதையே போட்டுக்கிட்டு படியேறினாங்க. கொஞ்ச நேரந்தான், மேல போனதும் அதே மாதிரி தச்ச வேற ஒண்ண மாத்திக்கிட்டாங்க. ஆனா பழைய துணிகள பாதுகாக்கற எங்க டெக்ஸ்டைல் கன்சர்வேட்டர் பொண்ணுக்கு கோவம் இன்னும் ஆறல. பழைய பட்டு வெளிய பாக்க பளபளன்னுதான் இருக்கும், உள்ள இழை காஞ்சு போயிருக்கும், தையல் போற எடத்துல லேசா இழுத்தாலே பிரியும், அதுல கல்லு வேற தச்சிருந்தா அந்த வெயிட்டே துணிய கீழ இழுக்கும், இதுல வேர்வையும் மேக்கப்பும் சேந்தா என்ன ஆகும்னு கேக்குது. நாம டிஸ்ப்ளேல துணி வச்சா 50 லக்ஸுக்கு (வெளிச்சத்த அளக்கற கணக்கு) மேல லைட்டே போட மாட்டோம், அதுல போய் ஒரு ஆளு உள்ள பூந்துக்கறதா? உலக மியூசியங்களோட அமைப்பு ஐகாம் கூட அப்பவே அறிக்கை விட்டுச்சு, சரித்திர உடைய யாருமே போடக்கூடாது, எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் சரின்னு. எனக்கும் அதே கருத்துதான், இதுல விட்டுக்கொடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல.

ஆனா நீ போன லெட்டர்ல எழுதினியே, செலிப்ரிட்டிய மியூசியம் பக்கமே விடக்கூடாதுன்னு, அத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன்டா. இதே கிம் 2018 மெட் காலாவுல தங்கக் கலர் டிரஸ்ல ஒரு எகிப்து தங்கச் சவப்பெட்டி பக்கத்துல நின்னு போட்டோ எடுத்தாங்க, ஞாபகம் இருக்கா? நெஜெமாங்க்னு ஒரு பூசாரியோட பெட்டி, கிமு முதல் நூற்றாண்டு. மெட் மியூசியம் 2017ல கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர் குடுத்து வாங்கினது, கூடவே 1971 தேதி போட்ட எகிப்து ஏற்றுமதி லைசென்ஸ் ஒண்ணு. அந்த போட்டோ உலகம் பூரா சுத்தி, கடைசில அந்தப் பெட்டிய தோண்டி எடுத்த கும்பல்ல ஒருத்தன் கண்ணுல பட்டிருக்கு, அவனுக்குப் பேசின பங்கு வரலையாம், அந்தக் கோவத்துல விஷயத்த வெளிய விட்டான், தகவல் நியூயார்க் அரசு வக்கீல் ஆபீஸ் வரைக்கும் போயிடுச்சு. விசாரிச்சா பெட்டி 2011 கலவர நேரத்துல எகிப்துல மின்யா பக்கம் திருடினது, லைசென்ஸ் போலி! மம்மிய தூக்கி எறிஞ்ச அவசரத்துல ஒரு விரல் எலும்பு உள்ளயே ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு, அத நெனச்சா இப்பவும் எனக்கு உடம்பு சிலிர்க்குது. 2019ல எகிப்துக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. யோசிச்சுப் பாரு, அவ்ளோ பெரிய மியூசியத்துல பேப்பர் செக் பண்ணி கண்டுபிடிக்காதத ஒரு பார்ட்டி போட்டோ வெளிய கொண்டு வந்துடுச்சு. நான் புதுசா சேர்ற பசங்களுக்கு இந்தக் கதைய சொல்லிட்டுதான் ரெஜிஸ்டரையே கையில குடுக்கறேன்.

பாரிஸ் லூவ்ர் மியூசியம் கதை உனக்கே தெரியும், பாடகர்கள் பியான்சேயும் ஜே-சீயும் அங்க பாட்டு வீடியோ எடுத்த 2018ல ஒரு கோடிக்கு மேல ஆளுங்க வந்தாங்க, வீடியோல வர்ற ஓவியங்கள மட்டும் சுத்திக் காட்ட மியூசியமே தனியா ஒரு டூர் ரூட் போட்டுச்சு. பாட்ட பாத்துட்டு வர்ற பையன் பத்து நிமிஷம் ஒரு ஓவியத்து முன்னாடி நின்னான்னா அது நமக்கு லாபந்தானடா.

அதனால என் கணக்கு ரொம்ப சிம்பிள். வரட்டும், நிக்கட்டும், போட்டோ எடுக்கட்டும், பொருள் மேல மட்டும் கை படக்கூடாது.

இத இவ்ளோ நீட்டி எழுத காரணம், அடுத்த மாசம் இங்க ஷூட்டிங் கேட்டு ஒரு டீம் வருது, வெண்கல கேலரியே வேணுமாம். நீ முன்னாடி அங்க ஷூட்டிங் விட்டப்ப எழுதி கையெழுத்து வாங்கினியே ஒரு கண்டிஷன் லிஸ்ட், லைட் எவ்ளோ தூரத்துல இருக்கணும், ஷோகேஸ்லேர்ந்து எத்தன அடி தள்ளி ட்ராலி நிக்கணும், புகை மெஷின் கூடவே கூடாதுன்னு, அத தேடி ஒரு காப்பி அனுப்பு. சீக்கிரம் அனுப்பு, அவங்க மேனேஜர் தெனம் ரெண்டு தடவ போன் பண்றாரு.

உன் மச்சான்