பக்கத்து நாடா எறிந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

சென்னைக் கண்காட்சி போன ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. 6 நாள் நடந்தது. நாம் நெய்த 9 பருத்திக் கோர்வைச் சேலைகளில் 5 வேறு வீடுகளுக்குப் போயின. மற்ற 4 என் பீரோவுக்குத் திரும்பிவிட்டன. திறப்பு நாளன்று மைக்கைக் கையில் கொடுத்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அப்பா பெயரைச் சொன்னேன், அம்மா பெயரைச் சொன்னேன், உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மேலண்டை வீட்டு அக்காவுக்கு.

கோர்வை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். பாவில், அதாவது நீளவாட்டில் ஓடும் இழையில், நிறத்தை மாற்றுவது எளிது. குறுக்கே ஓடும் ஊடையிலும் மாற வேண்டுமென்றால், ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடா மூன்று வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. ஒவ்வொரு ஓட்டத்திலும் உடல் இழையும் கரை இழையும் சேரும் இடத்தில் ஒன்றையொன்று கொக்கி மாதிரி பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். தறியில் உட்கார்ந்திருப்பவரால் மூன்றையும் பார்க்க முடியாது. அதனால் ஒரு பக்கத்துக் கரைக்கு இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து நாடா எறிய வேண்டும். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவுக்கு நான் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். தறியில் உட்கார்ந்தவருக்குத்தான் நெசவாளி என்று பெயர். பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு எந்தப் பெயரும் கிடையாது.

நான் பருத்தியில் கோர்வை நெய்யப் போகிறேன் என்றபோது அந்தப் பக்கத்துப் பலகையில் உட்கார ஆள் கிடைக்கவில்லை. நான்கு மாதம் தேடினேன். கடைசியில் அக்காதான், "நான் வரேம்மா, அவருக்கு இருவத்தாறு வருஷம் எறிஞ்ச கை இது" என்று சொல்லி வந்து உட்கார்ந்தார். எட்டு மாதம் உட்கார்ந்தார். எங்கள் சேலையில் அங்குலத்துக்கு 64 ஊடை. ஐந்தரை மீட்டர் சேலை என்பது சுமார் 216 அங்குலம். ஒரு சேலைக்கு 13,800 ஓட்டத்துக்கும் மேலே. ஒன்பது சேலைக்கும் கணக்குப் போட்டால் 1 லட்சத்து 24 ஆயிரத்தைத் தாண்டுகிறது. அத்தனை ஓட்டத்திலும் அக்கா கை என் கைக்குப் பதில் சொல்லியிருக்கிறது. நான் வேகமாக அடித்தால் அவரும் வேகம் கூட்டுவார். நான் தயங்கினால் நாடாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பார். பேச்சே இருக்காது.

அப்புறம் பிணைக்க வந்த இரண்டு அம்மாக்கள். 48 அங்குல அகலம், அங்குலத்துக்கு 70 இழை, ஆக ஒரு பாவுக்கு 3,360 இழை. பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் நுனியை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். விரல் வழுக்காமல் இருக்கப் பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சியில் சாம்பல். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சாம்பலைத் தொடும், இரண்டு இழையை எடுக்கும், ஒரு திருகு, அடுத்தது. கண் அங்கே இருக்கும். வாய் மகள் கல்யாணத்தைப் பேசிக்கொண்டிருக்கும். 80-ஆம் நம்பர் நூல், தலைமுடி மாதிரி இருக்கும். ஒன்றரை நாளில் முடித்துவிட்டு, "இழுத்துப் பாரு" என்றார்கள். இழுத்தேன். ஓர் இழைகூட விடவில்லை. மூன்று பாவுக்கும் அவர்கள்தான் வந்தார்கள்.

கார்த்திகை மழையை மறக்க முடியாது. குழிக்குள் கால் விட்டு மிதித்து நெய்கிற குழித்தறி வைத்திருக்கிறவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பூமி ஊறினால் குழியில் தண்ணீர் சுரக்கும். அந்த மூன்று நாளும் மிதி முழுக்கத் தண்ணீரில் நின்றது. இரண்டாவது பாவு தறியில் பாதி ஓடியிருந்தது. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் எல்லோருடைய குழியிலும் தண்ணீர்தான். ஆனாலும் எதிர்வீட்டுத் தம்பிகள் நாலு பேர் தங்கள் வீட்டை இறைத்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு வாளியோடு என் வீட்டுக்கு வந்தார்கள். பாவைத் தளர்த்தி, வேட்டியில் சுற்றி, உத்தரத்தோடு தூக்கிக் கட்டியது அவர்கள்தான். மழை விட்ட பிறகும் நூலில் ஈரம் போகவில்லை. பாவுக்குக் கீழே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு, இரண்டு நாள் மாற்றி மாற்றிக் காவல் இருந்தார்கள். அந்தப் பாவில் நெய்ததுதான் எல்லோரும் நின்று பார்த்த அந்த மாம்பழ மஞ்சளும் அரக்கும்.

சாயத்தில் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். முதலில் நூல் கொடுத்த இடத்தில் சரியாக அலசாமல் கொடுத்துவிட்டார்கள். மாதிரிக்கு நெய்த ஒரு கஜம் துணியைத் தண்ணீரில் போட்டதும் கரையின் சிவப்பு வெள்ளை உடம்பில் ஏறிவிட்டது. அன்றைக்கு நான் அழுதேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட ஒரு சாயக்காரர், அப்பாவின் சிநேகிதர், அதைக் கேள்விப்பட்டுத் தானே தேடி வந்தார். நூலில் ஒட்டாமல் நிற்கிற சாயத்தைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வெளியேற்ற வேண்டும், கடைசி அலசலில் தண்ணீர் தெளிவாக ஓட வேண்டும் என்று சொல்லி, எழுபத்தோரு வயதில் அடுப்புப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சிட்டமாக அலசிக் காட்டினார். பணம் வாங்க மறுத்துவிட்டார். பெரியப்பா, உங்கள் அரக்கு இதுவரை ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

கண்காட்சியில் ஆறு நாளும் நின்ற கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நன்றி. "பருத்திச் சேலைக்கு இவ்வளவு விலையா" என்று கேட்டவர்களிடம் அவர்கள் கோபப்படவில்லை. கையில் ஒரு லென்ஸைக் கொடுத்துக் கரையைப் பார்க்கச் சொன்னார்கள். உடல் நூலே கரைக்குள்ளும் ஓடியிருந்தால் கரையின் நிறம் கலந்து மங்கும். கோர்வையில் கரை பாவிலும் ஊடையிலும் ஒரே நிறம், அதனால்தான் அந்த அடர்த்தி. இதைப் புரிந்துகொண்டவர்கள் மறுபடி விலையைக் கேட்கவில்லை. கரை வைத்த சேலை போன்ற சில வகைகளைக் கைத்தறிக்கு ஒதுக்க 1985-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் கடையில் எது கைத்தறி, எது விசைத்தறி என்று வாங்குகிறவருக்குத் தெரியாவிட்டால் சட்டம் தனியாக என்ன செய்யும்? அந்த லென்ஸ் செய்த வேலையை நான் பெரிதாக நினைக்கிறேன்.

வீட்டைப் பற்றி நிறையச் சொல்ல மாட்டேன். நாடாவுக்குள் வைக்கிற நூல் தாரை அம்மா சுற்றினாள், எப்போதும் போல. அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். "நிறுத்து, இழை அறுந்திருக்கு" என்று அவர் சொன்ன பிறகு நான் குனிந்து தேடினால், அறுந்துதான் இருக்கும்.

மூன்றாம் நாள் அக்கா பஸ் ஏறிச் சென்னைக்கு வந்தார். ஒவ்வொரு சேலைக்குப் பக்கத்திலும் இருந்த அட்டையில் நெய்தவர்கள் என்று இரண்டு பெயர் போட்டிருந்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. நேராக ஏழாவது சேலையிடம் போனார். மேலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார். உடலும் கரையும் சேரும் பல், நாலு விரல் நீளத்துக்கு லேசாகத் தளர்ந்திருந்தது. நான் கவனித்ததே இல்லை. "எனக்குச் சொரம் வந்துச்சே, அன்னிக்கு" என்றார். பிறகு அட்டையைக் காட்டினேன். "எதுக்கும்மா எம் பேரு" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

அந்த ஏழாவது சேலையை விலைக்குக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. அது அக்கா வீட்டில் இருக்கிறது.

தை 5-ஆம் தேதி அடுத்த பாவு ஏற்றுகிறோம். இந்த முறை பாலும் பழமும் என்கிற கட்டம், கரை பச்சை. பார்க்க வருகிறவர்கள் காலையிலேயே வாருங்கள், வெளிச்சம் நன்றாக இருக்கும். அக்கா, மூட்டு வலிக்கிறது என்றீர்களே, பலகையில் போட இலவம்பஞ்சுத் திண்டு ஒன்று தைத்து வைத்துவிட்டேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
பிள்ளையார்பாளையத்திலிருந்து உங்கள் வீட்டுப் பெண்