உறுமினால் போதுமா?

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்தது. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டுமருந்தை மட்டும் வேளை தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் நலம். பெரியவனுக்குக் கோவையில் வேலை கிடைத்துப் போய்விட்டான். சின்னவள் பன்னிரண்டாம் வகுப்பு என்பதால் வீடே அவளுடைய பரீட்சைக் கணக்கில்தான் நடக்கிறது. இவருக்கு மூட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, காலையில் நடக்கப் போகிறார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன் மாணவர்களை வைத்து மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலை மேடையேற்றப் போகிறாய், அதற்கு முன் எந்தப் படத்தைப் பார்ப்பது, எந்த நாடகத்தைப் பார்ப்பது என்று கேட்டிருந்தாய். கூடவே, விக்டர் என்ற விஞ்ஞானி உறுப்புகளைச் சேர்த்து உயிர்கொடுத்த உருவத்தைப் பற்றி, “அந்தப் பிறவிக்கு வசனமே வேண்டாம், உறுமினால் போதும் என்கிறார்கள் பிள்ளைகள்” என்று ஒரு வரி எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எம்.ஏ. படிக்கும்போது நாம் சேர்ந்து படித்த நாவல் அது. போன மாதம் மறுபடி எடுத்தேன். நடுப்பகுதி முழுக்க அந்தப் பிறவியின் பேச்சுதான், ஞாபகம் இருக்கிறதா? ஆல்ப்ஸ் மலையில் பனியாற்றுக்கு மேலே ஒரு குடிசையில் விக்டரை உட்காரவைத்துத் தன் கதையைச் சொல்கிறான். பசியோடு காட்டில் அலைந்தது, நெருப்பைக் கண்டு சந்தோஷப்பட்டுக் கைவைத்துச் சுட்டுக்கொண்டது, கண் தெரியாத பெரியவர் டி லேசியின் குடும்பத்து வீட்டை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்துகொண்டு சுவர் இடுக்கு வழியாகப் பார்த்தும் கேட்டுமே பேசக் கற்றுக்கொண்டது, வழியில் கிடந்த ஒரு தோல்பெட்டியில் மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ உட்பட மூன்று புத்தகங்கள் கிடைத்தது. அப்புறம், உடுத்திக்கொண்டு வந்த துணியின் பையிலேயே விக்டரின் குறிப்பேடு இருக்கிறது. தன்னைச் செய்தவன் தன்னை எவ்வளவு அருவருத்தான் என்பதை அவனே எழுத்துக் கூட்டிப் படித்துத் தெரிந்துகொள்கிறான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, எனக்கு ஒரு துணையைச் செய்து கொடு, நாங்கள் தென் அமெரிக்கக் காடுகளுக்குப் போய்விடுகிறோம், இனி எந்த மனிதர் கண்ணிலும் படமாட்டோம் என்று கேட்கிறான்.

இப்படிக் கேட்பவன் வில்லியம் என்ற சிறுவனைக் கழுத்தை நெரித்துக் கொன்றவன். அந்தப் பழியை ஜஸ்டின் என்ற பெண்மேல் விழவைத்து அவளைத் தூக்குமேடைக்கு அனுப்பியவன். அது தெரிந்தும், அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறதே என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றிய உடனே பயமாக இருக்கிறது. இந்த நாவலில் என்னைத் தூங்கவிடாத இடம் இதுதான், தையல்போட்ட முகம் இல்லை. அவன் வாயை அடைத்துவிட்டால் இந்தப் பயம் போய்விடும், வெறும் திடுக்கிடல்தான் மிஞ்சும்.

ஆனால் உன் பிள்ளைகளைக் குறை சொல்லமாட்டேன். அவர்கள் கேட்பதற்கு இருநூறு வருடப் பாரம்பரியம் இருக்கிறது. அவன் வாயை முதலில் அடைத்தது சினிமா என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். மேடைதான் முதலில் அடைத்தது. நாவல் 1818இல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்தது. 1823இல் ரிச்சர்ட் பிரின்ஸ்லி பீக் என்பவர் அதை நாடகமாக்கி லண்டனில் இங்கிலிஷ் ஆப்பெரா ஹவுஸ் அரங்கில் போட்டார். நேர் வசன நாடகம் நடத்தும் உரிமை அப்போது ஓரிரு அரங்குகளுக்குத்தான் இருந்தது. மற்ற அரங்குகள் பாட்டையும் இசையையும் ஊமை நடிப்பையும் கலந்தே கதை சொல்லவேண்டும். அதனால் விக்டர் பேசினான், பாடினான், வேலைக்காரன் ஃபிரிட்ஸ் சிரிக்கவைத்தான், பிறவி மட்டும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. டி. பி. குக் என்ற நடிகர் உடம்பாலேயே எல்லாவற்றையும் காட்டினார். ஆய்வுக்கூடத்து உதவியாளன், “உயிர் வந்துவிட்டது!” என்ற கூச்சல் இரண்டும் அந்த மேடையில் பிறந்தவைதான். நாவலில் அப்படி எதுவும் கிடையாது. நவம்பர் மாதம், நடுநிசி தாண்டி ஒரு மணி, ஜன்னலில் மழை, தீரப்போகும் மெழுகுவத்தி, மஞ்சள் கண் ஒன்று திறக்கிறது. விக்டர் பயந்து அறையைவிட்டு ஓடிவிடுகிறான், அவ்வளவுதான்.

மேரி ஷெல்லியே அந்த ஆகஸ்டில் போய் நாடகத்தைப் பார்த்தார். கணவர் இறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, இத்தாலியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். பார்த்துவிட்டு நண்பர் லீ ஹன்ட்டுக்குக் கடிதம் எழுதினார். நடிகர் பட்டியலில் பிறவியின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தது அவருக்குப் பிடித்திருந்தது. குக் தடுமாறிப் பிடிமானம் தேடியதையும், காதில் விழுந்த ஒலிகளைக் கையால் பிடிக்க முயன்றதையும் பாராட்டியிருக்கிறார். உன் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல். இசையைக் கையால் பிடிக்கப் பார்ப்பது! பேச்சு வருவதற்கு முந்தைய கட்டத்துக்கு அதைவிட நல்ல நடிப்பை என்னால் யோசிக்க முடியவில்லை. நாடகம் ஓடிய ஓட்டத்தில்தான் நாவலின் இரண்டாம் பதிப்பும் அதே வருடம் வந்தது, இந்த முறை அவர் பெயரோடு.

இனி படங்கள். எடிசன் கம்பெனி 1910இல் எடுத்த சின்ன ஊமைப்படத்தை ஒரு ஆர்வத்துக்குப் பார்க்கலாம், சுமார் கால்மணி நேரம்தான். பெரிய கொப்பரையிலிருந்து பிறவி உருவாகி எழும் காட்சி ஒன்று உண்டு. எரியும் பொம்மையைப் படம்பிடித்துப் பின்னோக்கி ஓட்டியிருக்கிறார்கள், இன்றும் அது நடுங்கவைக்கிறது.

1931ஆம் வருடப் படத்தை மட்டும் தவறவிடாதே. ஜேம்ஸ் வேல் இயக்கியது, போரிஸ் கார்லாஃப் பிறவியாக நடித்தது. தட்டைத் தலையும் கழுத்தில் ஆணிகளும் ஒப்பனைக்காரர் ஜாக் பியர்ஸ் வேலை. மேரி எழுதியது வேறு: எட்டடி உயரம், மஞ்சள் தோல், பளபளக்கும் கருங்கூந்தல், முத்துப்போன்ற பல், கறுத்த உதடு. அழகாக வரவேண்டும் என்று பொறுக்கிச் சேர்த்த உறுப்புகள் மொத்தத்தில் கோரமாகிவிட்டன என்கிறார். அந்தப் படமும் நாவலிலிருந்து நேராக வந்ததில்லை, பெக்கி வெப்ளிங் எழுதிய நாடகம் ஒன்றின் வழியாக வந்தது. கதையில் அவர்கள் செய்த ஒரு மாற்றத்தை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. உதவியாளன் நல்ல மூளை இருந்த ஜாடியைத் தவறவிட்டு, குற்றவாளியின் மூளையை எடுத்துவந்துவிடுகிறான். அதோடு விக்டரின் குற்றம் கரைந்துபோகிறது. (படத்தில் அவன் பெயர் ஹென்றி.) பெற்றவன் கைவிட்டதால் கெட்ட பிள்ளை, பிறவியிலேயே கெட்ட பிள்ளையாகிவிடுகிறது.

இருந்தாலும் கார்லாஃபின் முகம் அந்தத் திரைக்கதையை மீறிக்கொண்டு நிற்கிறது. கூரைத் திறப்பு வழியாக முதல்முறை வெளிச்சம் விழும்போது இரண்டு கைகளையும் தூக்கி அதைத் தொடப் பார்ப்பார். திறப்பை மூடியதும் அந்தக் கைகள் வெறுமையாகக் கெஞ்சும். வசனம் இல்லாமல் இவ்வளவு முடியும் என்றால் அதற்குக் காரணம் காமிரா அவர் முகத்துக்குப் பக்கத்தில் போவதுதான். குளக்கரையில் மரியா என்ற சிறுமியோடு பூக்களைத் தண்ணீரில் மிதக்கவிட்டு விளையாடும் காட்சியும் அப்படித்தான். பூ தீர்ந்ததும் அவளும் மிதப்பாள் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுகிறான். தணிக்கையாளர்கள் அந்தக் கடைசிப் பகுதியை வெட்டியதால், அவளை நோக்கிக் கை நீட்டுவதோடு காட்சி நின்றுபோய், பார்த்தவர்கள் இன்னும் மோசமாகக் கற்பனை செய்யும்படி ஆயிற்று. 1980களில்தான் அதைத் திரும்பச் சேர்த்தார்கள். விக்டர் எரிஸ் என்ற ஸ்பானிய இயக்குநரின் 1973ஆம் வருடப் படம் ஒன்றில், கிராமத்துச் சிறுமி ஒருத்தி இதே காட்சியைப் பார்த்துவிட்டு, அவளை ஏன் கொன்றான் என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

1935இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவனுக்குச் சில வார்த்தைகள் கொடுத்தார்கள். கார்லாஃபுக்கு அதில் இஷ்டமில்லை, பேசவைப்பது தவறு என்றே அவர் நினைத்தார். எனக்கு மாறான எண்ணம். கண் தெரியாத துறவி ஒருவர் வயலின் வாசித்து, ரொட்டி கொடுத்து, நல்லது கெட்டது என்று ஒவ்வொரு சொல்லாக அவனுக்குச் சொல்லித்தரும் காட்சிதான் அந்த இரண்டு படங்களிலும் நாவலுக்கு மிக அருகில் வருகிறது.

ஹாமர் நிறுவனத்தின் 1957 படம் முழுக்க விக்டராக நடித்த பீட்டர் குஷிங்குடையது. விக்டரின் கொடூரத்தைப் பார்க்க நன்றாக இருக்கும், உன் நாடகத்துக்கு உதவாது. கென்னத் பிரானாவின் 1994 படத்தில் பிறவியாக வரும் ராபர்ட் டி நீரோ பேசுகிறார், நன்றாகவே பேசுகிறார். ஆனால் இசையும் ஓட்டமும் கத்தலும் அவரை மூச்சுவிட விடுவதில்லை.

இப்போது உனக்கு முக்கியமாகத் தேவையானது. 2011இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் டேனி பாயில் இயக்கிய நாடகம், நிக் டியர் எழுதியது. 2020 ஊரடங்கில் அதை யூடியூபில் ஒரு வாரம் இலவசமாகப் போட்டார்கள். ராத்திரி எல்லோரும் தூங்கியபின் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்தேன். நாவலின் தொடக்கத்தில் வரும் ஆர்க்டிக் கப்பல் கிடையாது, கடிதம் கிடையாது, விக்டரின் இளமைக்காலம் கிடையாது. தலைக்குமேல் மூவாயிரத்துக்கும் அதிகமான பல்புகள், நடுவில் தோல்போல ஒரு வட்டம், அதைக் கிழித்துக்கொண்டு ஒரு மனிதன் தரையில் விழுகிறான். பத்து நிமிடம்போல வசனமே இல்லை. புரள்கிறான், முட்டிபோடப் பார்க்கிறான், விழுகிறான், ஒருவழியாக நின்றுவிட்டுச் சிரிக்கிறான், ஓடுகிறான். கதை அவன் கண்ணிலிருந்தே தொடங்கிவிடுகிறது.

பெனெடிக்ட் கம்பர்பாட்சும் ஜானி லீ மில்லரும் விக்டரையும் பிறவியையும் மாற்றி மாற்றி நடித்தார்கள். அடுத்த வருடம் ஆலிவியர் விருதையும் சேர்ந்தே வாங்கினார்கள். இரண்டு பதிவுகளையும் பார்த்தேன். கம்பர்பாட்ச் பக்கவாதத்திலிருந்து மீள்கிறவர்களின் அசைவுகளைக் கவனித்தாராம், மில்லர் தன் சின்ன மகனைக் கவனித்தாராம். அந்த வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. முதலாமவரின் பிறவி தன் உடம்போடு சண்டைபோடுகிறான், இரண்டாமவருடையவன் உலகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான். நேற்று அருவருத்து ஓடியவன் இன்று அருவருக்கப்படுகிறவனாக வரும்போது, அப்பா பிள்ளை என்ற உறவை யாரும் விளக்கவே வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய விஷயம், அவனுடைய பேச்சை மேடை திருப்பிக் கொடுத்துவிட்டது. கண் தெரியாத டி லேசி இதில் நேரடியாகவே அவனுக்கு எழுத்தும் மில்டனும் சொல்லிக்கொடுக்கிறார். திக்கித் திக்கி வந்த சொற்கள் மெல்ல மெல்ல வாதமாகின்றன. மலைமேல் விக்டரைச் சந்திக்கும்போது அவன்தான் அதிகம் படித்தவன்போல இருக்கிறான். அங்கே காமிரா முகத்துக்கு அருகில் வந்து நமக்கு உதவ முடியாது. அவன் குரல்தான் கடைசி வரிசை வரை போகவேண்டும், நம்மை அவன் பக்கம் இழுக்கவேண்டும். அப்புறம் கல்யாண இரவில், விக்டர் மணந்த எலிசபெத்துக்கு அவன் செய்வதைப் பார்த்து நாம் உறைந்துபோக வேண்டும். அந்தக் காட்சி மிகக் கொடுமையானது, மாணவர்களுக்குக் காட்டும் முன் நீ தனியாகப் பார்த்துவிடு.

கியெர்மோ தெல் டோரோவின் 2025 படம் நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது. பார்க்க அவ்வளவு அழகு. ஆர்க்டிக் கப்பலும் இருக்கிறது, முதலில் விக்டர் கதை, பிறகு பிறவியின் கதை என்ற நாவலின் அமைப்பும் இருக்கிறது. ஜேக்கப் எலோர்டியின் பிறவிக்கு முதலில் தெரிந்த ஒரே சொல் விக்டரின் பெயர்தான். அந்த ஒரு சொல்லை அவர் எத்தனை விதமாகச் சொல்கிறார் என்று கேள். எனக்கு மனக்குறை ஒன்றுதான். இயக்குநர் அவனை மிகவும் நேசிக்கிறார், அதனால் அவன் கைக்கறையைத் துடைத்துவிடுகிறார். எலிசபெத் சாவது விக்டரின் துப்பாக்கியால். சிறுவனைக் கழுத்தை நெரித்ததும் இல்லை, ஜஸ்டினும் இல்லை. அழுதுகொண்டே படத்தை முடித்தேன், ஆனால் அவனை நினைத்துப் பயம் வரவில்லை. மேரி ஷெல்லி நம்மிடம் கேட்டது அதைவிடக் கடினமானது.

ஆகவே என் யோசனை இது. முதல் கால்பகுதியில் பிள்ளைகள் கேட்கிறபடி வசனம் இல்லாமலே வை, உறுமல்கூட வேண்டாம். குக் செய்ததுபோல ஓசைகளைப் பிடிக்கட்டும், பின்னால் ஒரு புல்லாங்குழல் போதும். கண் தெரியாத பெரியவர் வந்ததும் ஒவ்வொரு சொல்லாக வரட்டும். குடிசைக் காட்சியில் குறைந்தது எட்டு நிமிடம் அவன் ஒருவனே பேசவேண்டும், விக்டர் குறுக்கே ஒன்றிரண்டு வரிதான் பேசலாம். வில்லியமைக் கொன்றதை அந்தப் பேச்சுக்குள்ளேயே அவன் வாயால் சொல்லவை, தனிக்காட்சியாக நடித்துக் காட்டாதே. பச்சைச் சாயம் பூசாதே. இரண்டு நாள் நாடகம் என்றால் வேடத்தை மாற்றிக் கொடுத்துப் பார். நீ எழுதியிருந்த அந்த மெல்லிய குரல் பெண்ணுக்கும் ஒரு நாள் கொடு, உயரம் ஒரு தடையே இல்லை.

குடிசைப் பேச்சின் முதல் வரைவு தயாரானதும் வாட்ஸ்அப்பில் அனுப்பு, உரக்க வாசித்துப் பார்த்துச் சொல்கிறேன். அரையாண்டு விடுமுறையில் இரண்டு நாள் வர முடியும். ஒத்திகை அந்தச் சமயத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள். அம்மாவுக்கு என் வணக்கம் சொல்.

அன்புடன்,
ராஜி