சதுரங்கக் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், நிர்வாகக் குழுவினர், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சனிக்கிழமைப் பயிற்சிகள் வெள்ளவத்தையில் தடையின்றி நடந்தன. வாணி விழாவும் வழமைபோல் நடந்தது.

இவ்வாண்டின் பெரிய வேலை சதுரங்க ஒலிம்பியாட் வரலாற்றுக் கண்காட்சியும், அதே விதிகளில் நடத்திய குழுப்போட்டியுமே. வீண்செலவு என்றவர்களுக்காகச் சற்று விரிவாக எழுதுகிறேன். ஒலிம்பியாட் என்பது 1927இல் லண்டனில் 16 நாடுகளோடு தொடங்கிய, நாடுகளின் அணிகள் மோதும் போட்டி. முதல் வெற்றி ஹங்கேரிக்கு. 1952 முதல் 1974 வரை தொடர்ந்து 12 முறை சோவியத் அணி. 2024இல் புடாபெஸ்டில் இந்தியா பொது, பெண்கள் என இரு பிரிவிலும் தங்கம். பிள்ளைகள் அதிகநேரம் நின்று பார்த்தது 1939, புவனோஸ் அயர்ஸ். போட்டி நடக்கும்போதே போர் மூண்டது, இங்கிலாந்து அணி நாடு திரும்பியது, சில மோதல்கள் ஆடாமலே 2-2 எனப் பதிவாயின. முடிவில் ஜேர்மனி 36 புள்ளி, போலந்து 35½; அரைப்புள்ளியில் ஜேர்மனிக்கு வெற்றி.

நமது போட்டியிலும் அரைப்புள்ளிதான் பிரச்சினை. அணிக்கு நான்கு பலகை, ஒரு மாற்று ஆட்டக்காரர். ஒரு பலகையில் வென்றால் ஒரு புள்ளி, சமன் என்றால் அரை. கொடுத்த வரிசையை மாற்ற முடியாது. இரண்டாம் பலகைக்காரர் வராவிட்டால் மூன்றாமவர், நான்காமவர் ஒருபடி மேலேறுவார்கள், மாற்று ஆள் நான்காவதில் அமர்வார். பலகைக்குப் பலகை நிறம் மாறுவதால், வெள்ளைக்குத் தயாராகி வந்த மூன்றாமவர் கறுப்புக் காய்களோடு பலமான எதிரியைச் சந்திக்க வேண்டும். மாற்று ஆளும் இல்லையென்றால் ஒரு புள்ளி கையைவிட்டுப் போகும். மிச்ச மூவரில் இருவர் வென்று ஒருவர் சமன் செய்தால்தான் மோதலை வெல்லலாம். இப்படி மூன்று சுற்றுகள் கெட்டன. முதல்நாள் இரவாவது சொல்லியிருக்கலாம்.

மணிக்கூடுகள் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நகர்வுக்கும் ஆடுபவரின் நேரத்தில் 30 செக்கன் கூட்டுவதற்குச் சாவி மணிக்கூடு உதவாது, டிஜிட்டல்தான் வேண்டும். மின்கலத்தைக் கழற்றாமல் அலுமாரியில் வைத்ததால் இரண்டில் கசிவு ஏற்பட்டுத் தகடு அரித்துவிட்டது. ஆடி முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

வரவும் செலவும் ஏறக்குறையச் சமம், விபரம் பொருளாளரிடம். அங்கத்தவரில் பாதிப்பேருக்கு மேல் சந்தா கட்டவில்லை. ஆட வரும் பிள்ளைகளின் பெற்றோர் ஒழுங்காகக் கட்டுகிறார்கள். நிலுவை வைத்திருப்பவர்கள் பழைய அங்கத்தவர்களே.

மண்டபம் தந்தவர்களுக்கும் தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பெண்களுக்கும் தனிப்பிரிவு வேண்டும். ஒலிம்பியாட்டில் அது 1957இலேயே நெதர்லாந்தின் எம்மன் நகரில் தொடங்கிவிட்டது. அதற்கு இன்னும் நான்கு மணிக்கூடுகள் தேவை. பற்றுச்சீட்டுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது.

செயலாளர்