அந்த ஜூனோவை எடைக்குப் போடாதீர்கள்

எங்கள் கல்லூரியின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். போன வாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த 'கண்டம் செய்யப்பட்ட பொருட்கள்' பட்டியலைப் பார்த்தேன். பதினான்காவது வரியில் 'பழைய கீபோர்டு – 1 – பழுது' என்றிருந்தது. அதற்கு மேலே உடைந்த மின்விசிறி இரண்டு, கீழே ஓர் இரும்பு பீரோ. அந்தப் பழைய கீபோர்டு, 1984-ல் வெளிவந்த ரோலண்ட் ஜூனோ-106 சிந்தசைசர், மின்சுற்றால் ஒலியை உருவாக்கும் இசைக்கருவி, என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. மூன்று தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேனே.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள். ஸ்டோர் ரூம் சாவியை ஒரே ஒரு சனிக்கிழமை என்னிடம் கொடுங்கள்.

பழுது பெரிதல்ல. ஜூனோவுக்கு ஆறு குரல்கள், அதாவது ஒரே நேரத்தில் ஆறு சுரங்கள் ஒலிக்கும். ஒவ்வொரு குரலுக்கும் 80017ஏ என்று ஒரு சிப். ஒலியை வடிகட்டும் ஃபில்டர் அதற்குள்தான் இருக்கிறது. ஆறில் ஒன்று போய்விட்டது. கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனால் ஐந்து ஒலிக்கும், ஆறாவது ஊமை. மறுபடி ஐந்து, மறுபடி ஊமை. பல் விழுந்த சீப்பு மாதிரி. இது இந்த மாடலுக்கே உள்ள வியாதி. சிப்பின் மேல் பூசிய கறுப்புப் பிசின் நாளடைவில் மின்சாரத்தைக் கசியவிடும். கழற்றி, அசிட்டோனில் சில நாள் ஊறப்போட்டுப் பிசினை உரித்தால் பல சிப்புகள் பிழைத்துக்கொள்ளும். பிழைக்காவிட்டாலும் புதிதாகச் செய்த மாற்றுச் சிப் கிடைக்கிறது. பற்றவைக்கச் சென்னை ரிச்சி தெருவில் ஆள் இருக்கிறார். நீங்கள் அனுப்பிய சர்வீஸ்காரர் மூடியைக்கூடத் திறக்காமல் 'போர்டு போச்சு' என்று எழுதிக் கொடுத்த சீட்டை நம்பித்தான் கண்டம் செய்திருக்கிறீர்கள்.

போன கூட்டத்தில் என்னை 'அனலாக் பைத்தியம்' என்றார்கள், கணினி ஒலியை ஏற்காமல் பழைய மின்சுற்று ஒலியையே கட்டிக்கொண்டு அழுபவனாம். வருத்தமில்லை, ஆனால் உண்மையுமில்லை. ஜூனோவில் பதிவு செய்ததையும் அதே ஒலியைக் கணினியில் நகலெடுக்கும் பிளகின் மென்பொருளில் பதிவு செய்ததையும் அடுத்தடுத்துப் போட்டால் பாதி நேரம் நானே தப்பாகத்தான் சொல்வேன். தவிர, ஜூனோவே முழு அனலாக் கிடையாது. சுருதி விலகக்கூடாது என்று ஒலியைப் பிறப்பிக்கும் அதன் ஆசிலேட்டரை ஒரு டிஜிட்டல் கடிகாரம்தான் பிடித்து வைத்திருக்கிறது. அதில் ஒலியை அகலமாக்கும் கோரஸ் பொத்தானைப் போட்டால் பின்னால் உஸ்ஸென்று ஓர் இரைச்சல் வரும். அன்றைக்கு அது குறை. இன்று சில பிளகின்களில் அந்த இரைச்சலையும் மெனக்கெட்டுச் சேர்த்து விற்கிறார்கள், நாமும் ஆண்டுச் சந்தா கட்டி வாங்குகிறோம். அசல் மட்டும் ஸ்டோர் ரூமில்.

எனக்குச் சத்தத்தில் சண்டையில்லை, கையில்தான். ஃபில்டர் ஒலியை வெட்டும் இடமான கட்-ஆஃபை ஒரு கையால் இறக்கிக்கொண்டே, அந்த இடத்து ஒலியைத் தூக்கிக் காட்டும் ரெசொனன்ஸை மறு கையால் ஏற்று என்று சொன்னால், மௌஸை வைத்துக்கொண்டு ஒரு மாணவர் என்ன செய்வார்? இருப்பது ஓர் அம்புக்குறி. முதலில் இதை இழுப்பார், அப்புறம் அதை இழுப்பார். ஜூனோவில் அந்த இரண்டு ஸ்லைடர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ரெசொனன்ஸ் உச்சியை நெருங்கும்போது ஃபில்டர் தானாகவே விசிலடிக்கத் தொடங்கும். பெட்டி ஸ்டோர் ரூமுக்குப் போவதற்கு முந்தின வாரம் ஒரு மாணவி அந்த இடத்தைத் தற்செயலாகத் தொட்டுவிட்டு, எதையோ உடைத்துவிட்டோம் என்று பயந்து கையை எடுத்தார். பிறகு மெல்ல மறுபடி வைத்தார். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. கட்-ஆஃப் என்றால் என்ன என்று அதற்கப்புறம் அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

செய்முறைத் தேர்வு நடந்த நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காலையில் இணையம் போனது. உரிமத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று சொல்லிப் பிளகின் திறக்க மறுத்தது. 22 மாணவர்கள் ஒன்றே முக்கால் மணி நேரம் சாம்பல் நிறத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பத்தடி தள்ளி, பூட்டிய கதவுக்குப் பின்னால், எந்த உரிமமும் கேட்காத ஒரு சிந்தசைசர் ஐந்து நல்ல குரல்களோடு கிடந்தது. விளக்கம் கேட்டு மெமோ வந்தது எனக்கு. பரவாயில்லை. விளம்பரக் கையேட்டின் அட்டையில் மட்டும் இன்றும் அதே ஜூனோ பளபளவென்று நிற்கிறதே, அதற்கு யாரிடம் விளக்கம் கேட்பது? 

'நம்ம சங்கீதத்துக்கும் இந்தப் பெட்டிக்கும் என்ன சம்பந்தம்' என்று ஓர் உறுப்பினர் கேட்டார். 1982-ல் மும்பையில் சரண்ஜித் சிங் என்ற இசைக்கலைஞர் ஜூபிடர்-8 என்ற சிந்தசைசர், டிபி-303 என்ற பேஸ் பெட்டி, டிஆர்-808 என்ற தாளப் பெட்டி இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களைப் பதிவு செய்தார். மூன்றும் ரோலண்ட் பெட்டிகள்தான். அன்றைக்கு அதை யாரும் சீண்டவில்லை. ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து ஐரோப்பாவில் மறுவெளியீடு செய்து கொண்டாடினார்கள். சம்பந்தம் இவ்வளவுதான்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். புது சிந்தசைசர் வாங்கித் தரச் சொல்லவில்லை, பிளகின் சந்தாவை நிறுத்தச் சொல்லவுமில்லை. சிப்புக்கும் பற்றவைப்புக்கும் ஆகும் செலவை நானும் இரண்டு பழைய மாணவர்களும் பார்த்துக்கொள்கிறோம். பதினான்காவது வரியை அடித்துவிட்டு, சாவியை மட்டும் தாருங்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஏலம் வெள்ளிக்கிழமை. வியாழன் மாலை ஆறு மணி வரை நான் லேபில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன், இந்நாள் பகுதிநேர ஆசிரியன்