ஃபேஸ்லிஃப்ட்: 45 என்று யார் கணக்குப் போட்டது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் ஃபேஸ்லிஃப்ட், அதாவது தொய்ந்த முகத்தைத் தூக்கித் தைக்கும் அறுவை பற்றிய கட்டுரை படித்தேன். நூல் சிகிச்சை, ஃபில்லர், மினி லிஃப்ட், டீப் பிளேன் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, '45 வயதே சரியான நேரம்' என்று முடித்திருந்தார்கள். பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அந்தக் கடைசி வரியை நம்பி யாராவது நாள் குறித்துவிடுவார்களோ என்ற கவலையில்தான் எழுதுகிறேன்.

ஆலோசனைக்கு வருகிறவர்கள் கண்ணாடி முன் உட்கார்ந்ததும் செய்கிற முதல் காரியம் ஒன்றுதான். இரண்டு விரலைக் காதுக்கு முன்னால் வைத்துத் தோலைப் பின்னுக்கு இழுப்பார்கள். "இவ்வளவு ஆனால் போதும் டாக்டர்" என்பார்கள். விரலுக்கு அகப்படுவது தோல் மட்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த அறுவையும் அவ்வளவுதான். தோலை வெட்டி, இழுத்துத் தைத்தார்கள். மேல்துணியை மட்டும் பிடித்துத் தைத்து லைனிங்கைத் தொளதொளவென்று விட்ட ரவிக்கை மாதிரி, அது சீக்கிரமே தளர்ந்துபோகும், தையல் தழும்பும் அகலமாகும். தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே, முகத்தசைகளோடு சேர்ந்த உறை ஒன்று இருக்கிறது. 'ஸ்மாஸ்' என்பார்கள். 1976-இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இருவர் அதை விவரித்து எழுதிய பிறகு, இழுக்க வேண்டியது அந்த உறையைத்தான் என்பது நிலைபெற்றது. அதை மடித்துத் தைப்பது ஒரு முறை. அதற்கு அடியிலேயே புகுந்து, இறுக்கிப் பிடித்திருக்கும் இழைகளை விடுவித்து மொத்தமாக மேலேற்றுவது, 1990-இல் சாம் ஹம்ரா பெயர் வைத்த டீப் பிளேன். முகத்தை அசைக்கும் நரம்பு அந்த ஆழத்தில்தான் ஓடுகிறது. அதனால் முறையின் பெயரைவிட, அதைச் செய்யும் கை எத்தனை முகம் பார்த்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தோலுக்கடியில் நூல் செருகித் தூக்கும் நூல் சிகிச்சையைக் குறை சொல்ல மாட்டேன். கன்னம் இலேசாக இறங்கியிருந்தால் கொஞ்ச நாள் நன்றாக இருக்கும். ஆனால் அதற்குப் பயன்படும் பி.டி.ஓ. என்ற கரையும் நூல் ஆறு மாத அளவில் கரைந்துவிடும். தூக்கியது ஓராண்டு, மிஞ்சினால் அதற்குச் சற்று மேல் நிற்கும். கழுத்தில் தொங்கும் தோலை எந்த நூலும் ஏற்றாது. ஊசியில் ஏற்றும் ஃபில்லர் குழியை நிரப்புவதற்கு உரியது. தொய்வைத் தூக்குவதற்காக அதையே மேலும் மேலும் ஏற்றினால் முகம் உப்பிவிடும். சிறிய வெட்டில் செய்யும் மினி லிஃப்ட் தாடை ஓரத்துக்குச் சரி, கழுத்துக்குப் போதாது. முழு ஃபேஸ்லிஃப்ட் செய்தாலும் மேலுதட்டுக் கோடுகளும் கண்ணிமைத் தொய்வும் வெயில் கருமையும் அப்படியே இருக்கும் என்பதைக் கட்டுரையில் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

நேரம் எது என்று கேட்டால், நான் வயதைக் கேட்க மாட்டேன். உடல் எடை சில மாதமாக ஒரே நிலையில் நிற்கிறதா? ஊசி போட்டு வேகமாக எடை குறைத்துக்கொண்டிருப்பவர் அது நிற்கும்வரை பொறுக்க வேண்டும். தைத்த பிறகு இன்னும் இளைத்தால் முகம் மறுபடி தொய்யும். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா? காது குத்திய இடத்தில் தழும்பு தடித்து வளர்ந்தவரா? அதை முதல் நாளே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், காதைச் சுற்றித்தான் தையல் வரப்போகிறது. புகைப்பவரா? புகைப்பவர்களுக்குத் தோல் கருகிப்போகும் அபாயம் சுமார் 12 மடங்கு என்று 1984-இலேயே ஓர் ஆய்வு வந்துவிட்டது. குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்தாதவருக்கு நாள் கொடுக்காத மருத்துவரே நல்ல மருத்துவர். துணையை இழந்த துக்கத்திலோ, விவாகரத்து நடந்த கையோடோ வந்தவர்களை எங்கள் டாக்டர் சில மாதம் கழித்து வரச்சொல்வார். அது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அறுவை முடிந்த முதல் இரவைப் பற்றி யாருமே எழுதுவதில்லை. தலையை உயர்த்திப் படுக்கவைத்து, உள்ளே சேரும் ரத்தத்தை வடிக்க, கட்டுக்கு வெளியே விட்டிருக்கும் டியூபையும் பி.பி.யையும் திரும்பத் திரும்பப் பார்ப்போம். இரண்டு பக்கமும் வலித்தால் பயமில்லை. ஒரு பக்கம் மட்டும் விண்ணென்று வலித்து, கன்னம் கல்லாக இறுகினால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வரும். தாடி வேருக்கு ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் ஆண்களுக்கு இன்னும் கூடுதலாக வரும். உடனே திறந்து எடுக்காவிட்டால் மேலிருக்கும் தோல் செத்துப்போகக்கூடும். ஒரு வாந்தி, ஓர் இருமல்கூட அழுத்தத்தை ஏற்றிவிடும் என்பதால், வாந்தி மாத்திரை கொடுக்க மறந்தார்களா என்று ஒவ்வொரு கேஸ் ஷீட்டிலும் தேடுவேன்.

என் அக்கா 59 வயதில் செய்துகொண்டார். ஐம்பதில் நூல் போடக் கிளம்பியவரை நான்தான் நிறுத்தினேன். அப்போது அவருக்குத் தொய்வே இல்லை, தூக்கமின்மைதான் இருந்தது. செய்த பிறகு இரண்டு வாரம் வெளியே வரவில்லை. காது மடல் பல மாதம் மரத்தே கிடந்தது. தோடு மாட்டும்போது திருகாணி ஏறியதா என்று தொட்டால் தெரியாது, கண்ணாடியைப் பார்த்துத்தான் மாட்டுவார். 'இந்த வயசில் எதுக்கு' என்று கேட்ட உறவினர்களுக்கு அவர் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் இல்லை. அவர் முகம், அவர் விருப்பம்.

கட்டுரைக்குக் கீழேயே 'மதிய இடைவேளையில் முகம் இளமையாகும்' என்று விளம்பரமும் போட்டிருந்தீர்கள். அடுத்த முறை எழுதும்போது, வாசகர் கேட்டுக்கொள்ள வேண்டியவற்றையும் சேர்த்து அச்சிடுங்கள்: கத்தி பிடிப்பவர் தகுதிபெற்ற பிளாஸ்டிக் சர்ஜனா, மயக்க மருத்துவர் கூட இருப்பாரா, காட்டுகிற படங்கள் ஓராண்டு கழித்து எடுத்தவையா, நள்ளிரவில் ஒரு கன்னம் வீங்கினால் போனை எடுப்பது யார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்