நெஞ்செரிவுக்குக் குளிசை மட்டும் காணாது

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயிறு சுகாதாரப் பக்கத்தில வயித்துப் புற்றுநோய் பத்தி வந்த கட்டுரை வாசிச்சன். சிகரெட், சாராயம் எல்லாம் சரி, ஆனா வருசக்கணக்கா உள்ளுக்குள்ள கிடக்கிற அழற்சியப் பத்தி, அதாவது உள்சவ்வு சிவந்து வீங்கிக் கிடக்கிறதப் பத்தி, ஒரு வரிகூட இல்ல.

இஞ்ச திருகோணமலையில ஆரக் கேட்டாலும் கேஸ்ரிக் எண்டுதான் சொல்லுவாங்க, பாமசியில ஒமிப்ரசோல் ஒரு கார்ட் வாங்கிப் போட்டா எரிவு நிண்டுடும், காரணம் என்ன எண்டு ஆரும் பாக்கிறதில்ல. காரணம் பலது, அதில ஒண்டு ஹெலிகோபக்டர் பைலோரி எண்ட பக்டீரியா. 1982ல அவுஸ்திரேலியாவில மார்ஷல், வாரன் எண்ட ரெண்டு டொக்டர்மார் கண்டுபிடிச்சது. ஆரும் நம்பாததால மார்ஷல் அந்தக் கிருமியத் தானே குடிச்சு வயித்தப் பழுதாக்கிக் காட்டினவர் (விசர் வேலைதான், ஆனா 2005ல ரெண்டு பேருக்கும் நோபல் கிடைச்சது). 1994லயே உலக சுகாதார நிறுவனத்தின்ட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு இந்தக் கிருமிய புற்றுநோய்க் காரணிகளின்ட முதலாம் வகுப்பில, அதாவது மனுசருக்குப் புற்றுநோய் வரப்பண்ணும் எண்டு உறுதியானதுகளில, சேர்த்திட்டுது.

நடக்கிறது என்னெண்டா, கிருமிய அடிக்க வாற வெள்ளை அணுக்கள் விடுற ரசாயனம் எங்கட செல்லுகளின்ட டிஎன்ஏயையும் பழுதாக்குது, பழுதான இடத்த நிரப்பப் புதுச் செல்லுகள் பிரிஞ்சு பிரிஞ்சு வருது, பிரியிற ஒவ்வொரு தரமும் பிழை விழலாம், அழற்சி குடுக்கிற வளர்ச்சிச் சிக்னல் அந்தப் பிழையான செல்லுக்கும்தான் போகுது. வயித்துச் சவ்வு மெலிஞ்சு, குடல் சவ்வு மாதிரி மாறி, கடைசியில புற்றா வர பல வருசம் எடுக்கும். கிருமி இருக்கிற எல்லாருக்கும் வராது, 100 பேரில 1 தொடக்கம் 3 பேருக்குத்தான், அதனால பயந்து ஓடத் தேவையில்ல. மூச்சுப் பரிசோதனையிலயே கிருமியப் பிடிக்கலாம், ஆனா அதுக்கு ரெண்டு கிழமைக்கு முதல் ஒமிப்ரசோல நிப்பாட்ட வேணும், இல்லாட்டி கிருமி இருந்தும் இல்ல எண்டு ரிப்போர்ட் வரலாம். இதத்தான் எங்கட ஆக்களுக்குச் சொல்ல வேணும்.

ஈரலுக்கு ஹெபடைடிஸ் பி, சி வைரஸ், உணவுக் குழாய்க்கு நாள்பட்ட நெஞ்செரிவு, எல்லாம் இதே கதைதான். வெத்திலை பாக்குப் போடுறவங்களின்ட வாயும் அப்பிடித்தான்.

சாப்பாடு விழுங்கேலாம இருந்தா, மலம் கறுப்பாப் போனா, காரணமில்லாம உடம்பு மெலிஞ்சா குளிசையோட இருக்காம எண்டோஸ்கோபி (வாயால கமராக் குழாய் விட்டு வயித்தப் பாக்கிறது) செய்ய வேணும் எண்டும் போடுங்க. நாள்பட்ட பெருங்குடல் அழற்சி இருக்கிறவங்க நோய் தொடங்கி 8 வருசத்துக்குப் பிறகு ஒழுங்கா கொலனோஸ்கோபி (பெருங்குடல கமராக் குழாயால பாக்கிறது) செய்யிறது ஏன் எண்டு ஒரு குடல் டொக்டரிட்ட எழுதி வாங்கிப் போட்டா நல்லம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை